யூதப் பண்டிகைகளைக் கிறிஸ்துவர்கள் கொண்டாட வேண்டுமா?

இயேசு கிறிஸ்து யூதராகப் பிறந்தவர். பிறந்த எட்டாம் நாளில் அவருக்கு விருத்தசேதனம் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் பஸ்கா பண்டிகைக்காக எருசலேம் சென்றார். கூடாரப் பண்டிகையின்போது ஆலயத்தில் போதித்தார். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குச் செல்வது அவருடைய வழக்கம். இவை அனைத்தும் புதிய ஏற்பாட்டிலேயே உள்ள செய்திகள்.

ஆனால், அவரை வழிபடும் கிறிஸ்துவர்களில் மிகப் பெரும்பாலோர் பஸ்காவை யூத முறைப்படி ஆசரிப்பதில்லை. கூடாரப் பண்டிகைக்குக் கூடாரம் போடுவதில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்வதில்லை. பன்றி இறைச்சியை விலக்குவதும் இல்லை. ஆண்டவர் கடைப்பிடித்ததை அவரைப் பின்பற்றுவோர் ஏன் கடைப்பிடிப்பதில்லை?

கிறிஸ்துவ சமயத்துக்கு வயது என்னவோ, இந்தக் கேள்விக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'மெசியானிய யூதர்' இயக்கமும், அதைத் தொடர்ந்து 'எபிரேய வேர்கள்' என்ற பெயரில் யூதரல்லாத கிறிஸ்துவர்களிடையே பரவிய சிந்தனையும் இதற்குப் புது உயிர் கொடுத்தன. வேதாகமம் என்ன சொல்கிறது, சபைகள் எப்படி முடிவெடுத்தன, அந்த முடிவுகளால் யாருக்கு என்ன நேர்ந்தது, யூதர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எவை அந்தப் பண்டிகைகள்?

'தோரா' என்பது மோசேயின் ஐந்து நூல்களையும் அவற்றிலுள்ள கட்டளைகளையும் குறிக்கும் எபிரேயச் சொல். தமிழ் வேதாகமத்தில் சீர்திருத்தச் சபையினர் இதை 'நியாயப்பிரமாணம்' என்றும், கத்தோலிக்கர்கள் 'திருச்சட்டம்' என்றும் வழங்குகிறார்கள். இதில் மொத்தம் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கிடுகிறது.

பண்டிகைகளின் பட்டியல் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வாரந்தோறும் வரும் ஓய்வுநாள் முதலில் இடம்பெறுகிறது. அடுத்து, எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்காவும், அதைத் தொடர்ந்து ஏழு நாள் நீடிக்கும் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையும் வருகின்றன. அதிலிருந்து ஐம்பது நாள் எண்ணினால் வாரங்களின் பண்டிகை. 'ஐம்பதாவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே நமக்குப் பழகிப்போன 'பெந்தெகொஸ்தே'. ஏழாம் மாதத்தில் எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஹனுக்கா, பூரிம் ஆகிய விழாக்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவை பிற்கால வரலாற்று நிகழ்வுகளையொட்டித் தோன்றியவை.

இங்கே ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. கி.பி. 70இல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆலயம் இல்லாததால் பலிகளும் நின்றுபோயின. எனவே, தோராவில் எழுதியுள்ளபடி எழுத்துக்கு எழுத்து இப்பண்டிகைகளை நடத்துவது இன்று யூதர்களாலும் இயலாது. அவர்கள் இப்போது பின்பற்றும் முறை, ரபிமார்கள் பல நூற்றாண்டுகளாக வகுத்துத் தந்த மரபாகும்.

சாப்பாட்டு மேசையில் எழுந்த சிக்கல்

முதல் கிறிஸ்துவர்கள் அனைவரும் யூதர்கள். அவர்கள் ஆலயத்துக்குச் சென்றார்கள், பண்டிகைகளை ஆசரித்தார்கள். அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கிரேக்கர் போன்ற பிற இனத்தார் சபையில் சேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கிறிஸ்துவை ஏற்றால் போதுமா, யூதராகவும் மாற வேண்டுமா என்பதே அன்றைய கேள்வி.

சிரியாவின் அந்தியோகியா நகரில் நடந்ததைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அங்கே பேதுரு யூதரல்லாத விசுவாசிகளுடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமில் யாக்கோபு தலைமை வகித்த சபையிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி அந்தப் பந்தியை விட்டு விலகினார். மற்ற யூதர்களும், பர்னபாவும்கூட அவரைப் பின்பற்றினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

சமபந்தி என்றால் என்ன, அதிலிருந்து ஒருவர் எழுந்து போனால் மற்றவர்களுக்கு எப்படி வலிக்கும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உணவு விதி பற்றிய கருத்து வேறுபாடு, மனிதர்களை மேல், கீழ் என்று பிரிக்கும் கோடாக மாறிவிட்டது என்பதே பவுலின் கோபத்துக்குக் காரணம்.

எருசலேம் சங்கத்தின் தீர்ப்பு

சுமார் கி.பி. 49இல் எருசலேமில் கூடிய சங்கம் இந்தச் சிக்கலை விசாரித்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் அதன் விவரத்தைத் தருகிறது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு யாக்கோபு தம் முடிவை அறிவித்தார். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட விலங்கின் இறைச்சி, பாலியல் ஒழுக்கக்கேடு ஆகிய நான்கையும் விலக்கினால் போதும் என்று கடிதம் எழுதி அனுப்பப்பட்டது.

அந்தக் கடிதத்தில் பண்டிகைகளைப் பற்றிய பேச்சே இல்லை. ஆசரிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

பவுலின் செயல்களும் கவனிக்கத்தக்கவை. கிரேக்கரான தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்ய வேண்டும் என்ற நெருக்குதலுக்கு அவர் இணங்கவில்லை. ஆனால், யூதத் தாய்க்குப் பிறந்த தீமோத்தேயுவுக்குத் தாமே முன்வந்து அதைச் செய்வித்தார். பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் சேர வேண்டும் என்று அவர் விரைந்து பயணம் செய்ததும் நடபடிகளில் பதிவாகியிருக்கிறது. யூத வழக்கத்தை அவர் வெறுக்கவில்லை. அதை மீட்புக்கான நிபந்தனையாக மற்றவர்மேல் சுமத்துவதைத்தான் எதிர்த்தார்.

இரு தரப்பு வாதங்கள்

பண்டிகைகளை ஆசரிக்க வேண்டும் என்போர் மூன்று ஆதாரங்களை முன்வைக்கிறார்கள். முதலாவது, நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்ற பொருளில் இயேசு மலைப்பிரசங்கத்தில் பேசியிருக்கிறார். இரண்டாவது, லேவியராகமம் இவற்றைத் தலைமுறைதோறும் நிலைக்கும் கட்டளைகளாகக் கூறுகிறது. மூன்றாவது, வருங்காலத்தில் எல்லா இனத்தாரும் கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் வருவார்கள் என்று சகரியா தீர்க்கதரிசி கூறியிருக்கிறார். இந்த மூன்றாவது ஆதாரத்தை மனத்தில் வைத்தே, எருசலேமிலுள்ள பன்னாட்டுக் கிறிஸ்துவத் தூதரகம் என்ற அமைப்பு 1980 முதல் கூடாரப் பண்டிகை விழாவை அங்கே நடத்தி வருகிறது. பல நாட்டுக் கிறிஸ்துவர்கள் அதில் கலந்துகொள்கிறார்கள்.

தேவையில்லை என்போர் பவுலின் கடிதங்களைக் காட்டுகிறார்கள். உணவு, பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள் ஆகியவற்றைக் கொண்டு யாரும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடாதீர்கள் என்று கொலோசெயருக்கு அவர் எழுதினார். அவை வரப்போவதன் நிழல், பொருளோ கிறிஸ்துவிடம் இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். நாட்களையும் மாதங்களையும் பார்த்து ஆசரிக்கும் கலாத்தியரைக் குறித்து அவர் கவலையும் தெரிவித்தார்.

கொலோசெயர் பகுதியை இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுப்பதுண்டு. ஆசரிக்காதவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பது பெரும்பாலான சபைகளின் விளக்கம். ஆசரித்த யூதரல்லாதவர்களை வெளியார் குறை சொன்னதையே பவுல் கண்டிக்கிறார் என்பது மறு தரப்பின் விளக்கம். எப்படிப் படித்தாலும் குற்றப்படுத்தக் கூடாது என்ற கருத்து மட்டும் மாறாமல் நிற்கிறது.

பத்துக் கட்டளைகளைச் சபைகள் ஏற்கின்றனவே, பிறகு மற்றவற்றை மட்டும் எப்படி விலக்கலாம் என்ற கேள்வியும் எழும். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், தோராவின் கட்டளைகளை ஒழுக்கம், சடங்கு, நீதி நிர்வாகம் என்று மூன்றாகப் பிரித்தார். ஒழுக்கக் கட்டளைகள் என்றும் பொருந்தும், சடங்குகள் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன என்ற இந்த விளக்கத்தைப் பின்னாளில் சீர்திருத்தச் சபைகளும் ஏற்றன. தோராவில் இப்படியொரு பிரிவினை வெளிப்படையாக இல்லையே என்பது இதற்கு எதிரான வாதம்.

தோராவை அப்படியே கடைப்பிடிப்போம் என்போருக்கும் சங்கடம் உண்டு. விருத்தசேதனம் இல்லாதவர் பஸ்கா விருந்தை உண்ணக் கூடாது என்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் விதிக்கிறது. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றுக்கும் ஆண்கள் ஆலயத்துக்கு வர வேண்டும் என்பதும் கட்டளை. ஆகவே, யார் ஆசரித்தாலும் சிலவற்றை எடுத்துக்கொண்டு சிலவற்றை விட வேண்டிய நிலைதான் ஏற்படுகிறது.

நாள் வேறு, நட்பு வேறு

இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கிறிஸ்துவர்கள், யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாளிலேயே கிறிஸ்துவின் பஸ்காவைக் கொண்டாடினார்கள். அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோமாபுரிச் சபையோ ஞாயிற்றுக்கிழமையில்தான் கொண்டாடியது.

சுமார் கி.பி. 155இல் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு ரோமாபுரி சென்று அங்குள்ள ஆயர் அனிசேத்துவிடம் இதுபற்றிப் பேசினார். ஒருவர் மற்றவரை மாற்ற முடியவில்லை. ஆனாலும், தம் சபையில் திருவிருந்து வழிபாட்டை நடத்தும் உரிமையை அனிசேத்து அவருக்கு அளித்துப் பெருமைப்படுத்தினார். இருவரும் சமாதானமாகவே பிரிந்தார்கள்.

சுமார் கி.பி. 190இல் அதே ரோமாபுரியின் ஆயராக இருந்த விக்டர், இணங்காத ஆசியச் சபைகளை ஒதுக்கிவைக்க முனைந்தார். லியோன் நகர ஆயர் இரேனியு, பழைய நிகழ்வை நினைவூட்டி விக்டரைக் கடிந்துகொண்டார்.

கி.பி. 325இல் கூடிய நைசியா சங்கம், சபைகள் அனைத்தும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்றும், யூத நாட்காட்டியைச் சார்ந்திருக்கக் கூடாது என்றும் முடிவெடுத்தது. இதனால்தான் ஈஸ்டரும் பஸ்காவும் சில ஆண்டுகளில் நெருங்கியும் சில ஆண்டுகளில் விலகியும் வருகின்றன. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31ஆம் தேதி வந்தது; யூதர்களின் பஸ்கா ஏப்ரல் 22ஆம் தேதி மாலைதான் தொடங்கியது. நாள் பிரிந்தாலும் பெயர் பிரியவில்லை. கத்தோலிக்கத் தமிழர்கள் ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாட்டைப் 'பாஸ்கா திருவிழிப்பு' என்கிறார்கள். இந்தோனேசிய மொழியில் ஈஸ்டரின் பெயரே 'பாஸ்கா'தான்.

தடை வெறுப்பான கதை

கட்டாயம் வேண்டாம் என்று தொடங்கிய சபை, காலப்போக்கில் தடை விதிக்கும் நிலைக்குச் சென்றது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூடிய லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்துவர்கள் சனிக்கிழமையில் வேலை செய்யாமல் ஓய்ந்திருப்பதைத் தடை செய்தது. யூதர்களிடமிருந்து புளிப்பில்லாத அப்பம் வாங்கவும் கூடாது என்றது. அண்டை வீட்டார் இடையே அதுவரை பலகாரப் பரிமாற்றம் இருந்திருக்கிறது என்பதை இந்தத் தடையே காட்டிக்கொடுக்கிறது.

கி.பி. 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில் குருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம், யூதப் பண்டிகைகளுக்குச் சென்றுவந்த தம் சபையினரைக் கண்டித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றில் யூதர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய கடுஞ்சொற்கள், பிந்திய நூற்றாண்டுகளில் யூதப் பகைமைக்குத் தீனியாகின. பவுலும் பேதுருவும் ஒரே பந்திக்காக வாதாடிய அதே நகரத்தில் இது நடந்தது.

ஸ்பெயினில் 1478இல் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம், மதம் மாறிய யூதக் குடும்பங்களைக் கண்காணித்தது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவதும், சனிக்கிழமை துவைத்த ஆடை உடுத்துவதும், பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதும் குற்றத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. உயிரோடு எரிக்கப்பட்டவர்களும் உண்டு.

பஸ்கா அப்பத்துக்காக யூதர்கள் கிறிஸ்துவப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்ற பொய்யும் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் பரவியது. 1903ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் இப்படிப்பட்ட பொய்யால் மூண்ட கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

கடைப்பிடிக்கும் சபைகள்

யூத வழக்கங்களோடு வாழும் கிறிஸ்துவர்களும் இருக்கிறார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவற்றில் பழைமையானது. அங்கே ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வது வழக்கம். பன்றி இறைச்சி உண்பதில்லை. சனி, ஞாயிறு இரண்டுக்கும் மதிப்புண்டு. இரு நாள் ஓய்வை மன்னர் சர்ஆ யாக்கோப் காலத்தில் 1450இல் கூடிய சங்கம் உறுதிப்படுத்தியது.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை 1863இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவானது. பினாங்கிலுள்ள அட்வென்டிஸ்ட் மருத்துவமனை வழியாக மலேசியர்கள் பலருக்கு அச்சபையின் பெயர் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை ஓய்வுநாள். பன்றி இறைச்சிக்கு இடமில்லை. ஆனால், பஸ்கா, கூடாரப் பண்டிகை போன்ற ஆண்டுப் பண்டிகைகள் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன என்பதே அவர்களின் போதனை.

ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் 1930களில் அமெரிக்காவில் தொடங்கிய உலகளாவிய தேவ சபை இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஓய்வுநாளும் லேவியராகமப் பண்டிகைகளும் கட்டாயம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் கூடாது. ஆம்ஸ்ட்ராங் 1986இல் மறைந்த பின், ஜோசப் தகாச் தலைமையில் அச்சபை தன் போதனைகளை மறுபரிசீலனை செய்தது. இக்கட்டளைகள் கிறிஸ்துவர்களைக் கட்டுப்படுத்தா என்று 1994ஆம் ஆண்டு இறுதியில் அவர் அறிவித்தார். சபை உடைந்தது. பழைய போதனையை விட மனமில்லாத ஆயிரக்கணக்கானோர் பிரிந்து வேறு சபைகளை அமைத்தார்கள். எதை மீட்புக்கு அவசியம் என்று பல ஆண்டுகள் நம்பினார்களோ, அது அவசியமில்லை என்று ஒரே நாளில் கேட்ட குடும்பங்களின் தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

யூதர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்த விவாதத்தில் பலர் கேட்க மறப்பது யூதர்களின் கருத்தை. யூத மரபின்படி, தோராவின் 613 கட்டளைகளும் யூத மக்களுக்கே உரியவை. மற்ற மனிதர்களுக்கு நோவாவின் ஏழு கட்டளைகள் போதும். உருவ வழிபாடு, இறைநிந்தனை, கொலை, தகாத உறவு, களவு, உயிருள்ள விலங்கின் உறுப்பை உண்ணுதல் ஆகியவற்றை விலக்குவதும், நீதிமன்றங்களை நிறுவுவதும் அந்த ஏழு. யூதரல்லாதவர் ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்று யூத சமயம் எதிர்பார்ப்பதே இல்லை.

கிறிஸ்துவ ஆலயங்கள் சிலவற்றில் நடத்தப்படும் 'செடர்' விருந்து குறித்து யூதர்கள் பலருக்கு மனக்குறை உண்டு. செடர் என்பது பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் கூடி உண்ணும் விருந்து. புளிப்பில்லாத அப்பம், கசப்புக் கீரை, நான்கு கிண்ணத் திராட்சரசம் ஆகியவற்றோடு எகிப்து விடுதலைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இயேசு கடைசி இராப்போஜனத்தில் செய்தது இதுவே என்று சில ஆலயங்களில் விளக்கப்படுகிறது. அது வரலாற்றோடு முழுமையாகப் பொருந்தாது. இயேசுவின் காலத்தில் ஆலயத்தில் வெட்டிய ஆட்டுக்குட்டியே பஸ்காவின் மையம். இன்றைய செடரின் அமைப்பு ஆலயம் இடிந்த பிறகு உருப்பெற்றது. அதன் தொடக்க வடிவத்தைச் சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா நூலில் காணலாம்.

பஸ்கா காலம் வந்தாலே கதவைத் தாழிட்டு அஞ்சிக் கிடந்த தலைமுறைகளின் வாரிசுகள், அதே விருந்தைக் கிறிஸ்துவர்கள் எடுத்து வேறு பொருள் கொடுப்பதைப் பார்க்கும்போது நெருடுகிறது என்கிறார்கள்.

யூதர்கள்மீதான பகைமையைக் கண்டித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988இல் வெளியிட்ட வழிகாட்டி, செடர் விருந்து நடத்துவோர் அதன் யூதத் தன்மையை மதித்து நடத்த வேண்டும் என்றும், புதிய ஏற்பாட்டு வாசகத்தைச் சேர்த்து அதைக் கிறிஸ்துவச் சடங்காக மாற்றக் கூடாது என்றும் அறிவுறுத்தியது.

எங்கே கோடு போடுவது?

பண்டிகைகளைப் பற்றிக் கற்றுக்கொள்வதில் எந்தச் சபைக்கும் மறுப்பில்லை. பஸ்கா தெரியாமல் சிலுவையின் பொருளும், வாரங்களின் பண்டிகை தெரியாமல் பெந்தெகொஸ்தே நாளின் பொருளும் முழுமையாக விளங்காது. யூதக் குடும்பம் ஒன்று விருந்துக்கு அழைத்தால் விருந்தினராகச் சென்று அமர்வதும் நல்ல உறவுக்கு வழி.

ஒரு குடும்பம் தன் மனச்சாட்சிப்படி சனிக்கிழமை ஓய்ந்திருக்கலாம், சில உணவுகளைத் தவிர்க்கலாம். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் இதற்கு இடம் தருகிறார். ஒருவர் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணலாம், மற்றொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணலாம், இருவரும் ஒருவரையொருவர் இகழக் கூடாது என்பதே அவருடைய அறிவுரை.

இதைச் செய்தால்தான் மெய்யான கிறிஸ்துவர், செய்யாதவர் தாழ்ந்தவர் என்ற பேச்சு வரும்போது, அது எருசலேம் சங்கம் ஏற்க மறுத்த நிபந்தனையாகிவிடுகிறது. அதேபோல, இதைச் செய்பவர் வழிதவறியவர், யூதர் சாபத்துக்குரியவர் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட கிளைகள் வேரை நோக்கிப் பெருமை பேச வேண்டாம் என்ற பொருளில், அதே ரோமர் கடிதத்தில் பவுல் பிற இனத்தாரை எச்சரிக்கிறார்.

எந்த நாள் என்பதில் பொலிகார்ப்பும் அனிசேத்தும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால், ஒரே பந்தியிலிருந்து இருவரில் ஒருவரும் எழுந்து போகவில்லை.